மந்திரி கோக்காமல் விட்ட ஓலை

முன்னொரு காலத்திலே வேங்கை நாட்டை மாறவேள் என்று ஒரு ராஜா ஆண்டு வந்தான். நல்லவன்தான், ஆனால் மூக்குக்கு மேலே கோபம், நினைத்த மாத்திரத்தில் ஓர் உத்தரவு. ராணி இறந்த அன்றைக்கு, "இனி இந்த அரண்மனையில் அம்மா என்ற பேச்சே காதில் விழக்கூடாது" என்று சொல்லிவிட்டான். துக்கம் தாங்கவில்லை, வேறென்ன. அன்றோடு அவன் மகள் ஏழு வயது வெயினியும் வாயை மூடிக்கொண்டாள். வருஷம் ஒன்று ஓடிப்போயிற்று. ஒரே ஒரு தடவை 'அப்பா' என்று கூப்பிடமாட்டாளா என்று ராஜா ஏங்கிக் கிடந்தான்.

"என் மகளைப் பேசவைக்கிற மாயக்கதை எழுதுகிறவருக்கு, கேட்டதைத் தருவேன்" என்றான் சபையில்.

ஆஸ்தானப் புலவர் சிங்காரனார் முந்திக்கொண்டார். அவருக்கு மந்திரி குன்றனாரைக் கண்டாலே ஆகாது. "மந்திரியாரும் எழுதட்டுமே, வேந்தே. தோற்றவர் பதவியை விட்டுவிடட்டும்."

"ஆகட்டும்" என்றார் மந்திரி.

பத்தாம் நாள் புலவர் நாற்பது ஓலைச் சுவடியோடு வந்தார். பறக்கும் மலை, பேசும் முதலை, ஏழு தலைக் குதிரை என்று ஓலைக்கு ஓர் அதிசயம். குழந்தையோ ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ராஜாவுக்கு மனசு விட்டுப்போயிற்று.

மந்திரி சுவடியின் கயிற்றை அவிழ்த்து ஓலைகளைக் கலைத்துக் கொடுத்தார். "இப்போது வாசியுங்கள், புலவரே."

புலவரும் வீம்புக்கு வாசித்தார். குதிரை முன்னே வந்தது, மலை பின்னே போயிற்று. ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

"உங்கள் ஓலைக்கே அடுத்த ஓலை வேண்டியிருக்கவில்லை. குழந்தைக்கு மட்டும் எப்படி வேண்டியிருக்கும்?" என்றார் மந்திரி.

பிறகு தன் கதையை எடுத்தார். அதில் ஒரே அதிசயம், வழிகாட்டும் நீலக்கொக்கு. அதன் பின்னே ஒரு சிறுமி ஏழு காடு தாண்டிப் போகிறாள். முதல் காட்டில் கொலுசு தொலைகிறது. கொலுசுச் சத்தம் இல்லாததால்தான் இரண்டாம் காட்டில் தூங்கும் பூதம் விழிக்கவில்லை. இப்படியே ஒன்றைத் தொட்டு ஒன்று. வெயினி மெல்லத் திரும்பி உட்கார்ந்தாள். ஏழாவது காடு முடிந்தது. மந்திரி ஓலையைத் தள்ளி, "சிறுமி வீடு திரும்பினாள்" என்று வாசித்தார்.

"நடுவிலே விட்டுட்டீங்க" என்றது ஒரு சின்னக் குரல். "அவ அம்மாவைத்தானே தேடிப் போனா? பார்த்தாளா?"

ஒரு வருஷம் கழித்து வெயினி பேசிவிட்டாள். "உத்தரவை மீறிய கதை, வேந்தே. தண்டியுங்கள்" என்றார் புலவர்.

"கோத்த ஓலையில் அந்தச் சொல்லே இல்லை" என்றார் மந்திரி. "உத்தரவுக்குப் பயந்து ஓர் ஓலையை எழுதியும் கோக்கவில்லை. அது இல்லாமல் கதை நிற்கவில்லை, வேந்தே. நான் கேட்கிற பரிசு அந்த உத்தரவை எடுத்துவிடுவதுதான்."

மடியிலிருந்து அந்த ஓலையை எடுத்து நீட்டினார். ராஜா அதை வாங்கிக்கொண்டான். "எடுத்துவிட்டேன்" என்றான். "புலவரே, பதவியை விட வேண்டாம். உம்முடைய நாற்பது ஓலையை எந்த வரிசையில் கோப்பது என்று என் மகளிடம் கேட்டுக்கொள்ளும்." புலவர் தம் ஓலைகளைப் பொறுக்கிக்கொண்டார்.

அந்த ஓலையை ராஜாவே வாசித்தான். காட்டுக்கு அப்பால் அம்மா இருந்தாள். என்ன சாப்பிட்டாய், எத்தனை பல் விழுந்தது என்று கேட்டாள். தலை பின்னிவிட்டாள். கூட வரமுடியாது என்றும் சொன்னாள். அந்த இடத்தில் ராஜா வாசிப்பை நிறுத்திவிட்டான். எல்லார் முன்னாலும் அழுதான்.

வெயினி அவன் மடியில் ஏறி உட்கார்ந்து ஓலையில் விரலை வைத்தாள்.

"இதுவரைக்கும் படிச்சாச்சுப்பா" என்றாள். "மிச்சத்தையும் படிங்க."