பூசணிக்கு நண்பகல் முகூர்த்தம்

முன்னொரு காலத்தில் கருங்கோட்டை நாட்டைச் சடையவேந்தர் என்ற அரசர் ஆண்டுவந்தார். கொடுக்கும்போது அளவு பார்க்கமாட்டார், காரணமும் பார்க்கமாட்டார். சபையில் சுருதி பிசகாமல் தும்மினான் என்று ஒருவனுக்குக் குதிரை கொடுத்தவர் அவர்.

ஒரு வருடம் மழை பொய்த்தது. அரசர் நடத்திய சத்திரத்தில் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள உப்பைத் தவிர ஒன்றுமில்லை. அப்போது செங்காயி என்ற குத்தகைக்காரி, தான் குடம் குடமாக நீர் ஊற்றி வளர்த்த ஒரு பூசணிக்காயைக் கொண்டுவந்து இறக்கினாள். மூங்கிலில் தொட்டில் கட்டி நான்கு பேர் தூக்கிவந்த காய். அன்றைக்கு இருநூறு பேர் பூசணிக் குழம்பு சாப்பிட்டார்கள். அரசரும் ஒரு கிண்ணம் வாங்கிக் குடித்துவிட்டு, இன்னொன்றும் கேட்டார்.

"இந்தப் பூசணியை உருவாக்கியவருக்கு ஆற்றோரம் நான்கு காணி நிலம்!" என்றார்.

செங்காயி ஓரடி முன்னே வந்தாள். பிறந்ததிலிருந்து அடுத்தவர் மண்ணிலேயே குனிந்து நிமிர்ந்தவள் அவள்.

நந்தவன அதிகாரி விருதராயரும் ஓரடி முன்னே வந்தார், வேறு காரணத்துக்காக. "அரசே, இவள் நீர் ஊற்றியவள், அவ்வளவுதான். விதை நந்தவனத்து விதை. எப்படி வெளியே போனதென்று நான் கேட்கவில்லை, என் பெருந்தன்மை. வம்சத்தைக் கேளுங்கள். இதன் தந்தை கஜபூசணி. அவன் தந்தை மகாகஜம். அவன் தந்தை ஐராவதம்..."

ஏழு தலைமுறை வந்ததும் மூச்சு வாங்கினார்.

"தாய்?" என்று கேட்டார் மந்திரி தில்லைநம்பி.

"வம்சம் சொல்லும்போது தாய் எதற்கு, மந்திரியாரே?"

மந்திரி செங்காயி பக்கம் திரும்பினார். "நீ சொல், அம்மா."

"இதோட ஆத்தா என் கிணத்தடிக் கொடிங்க, சாமி. காய் பெரிசு, உள்ளே வெறும் தண்ணி. அப்பன் பக்கத்து வீட்டு மாடாத்தி வேலிக் கொடி. காய் உள்ளங்கையில அடங்கும், சதை கல்லாட்டம் இருக்கும். ரெண்டையும் சேர்த்து, பிறந்ததுல நல்லதைப் பொறுக்கி, மறுபடி சேர்த்து, மூணு வருசமாச்சு."

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். "எலிக்கு யானை பிறந்ததாம்!" என்றார் விருதராயர். "அதுசரி, அப்பன் அதுதான் என்று உனக்கு எப்படித் தெரியும்? வண்டு வந்து சொல்லிவிட்டுப் போனதா?"

"நல்ல கேள்வி," என்றார் மந்திரி. "அப்பன் யாரென்று நிச்சயமாகச் சொல்ல வழி தெரிந்தவர்தான் இதை உருவாக்கியவர். அரசே, நாளைக்கு நந்தவனத்தில் ஆளுக்கொரு பூசணிக் கல்யாணம் நடத்தட்டும். நேரம் அவரவர் விருப்பம்."

"ஆகட்டும்!" அரசருக்குக் கல்யாணம் என்றாலே குஷி.

செங்காயி தயங்கினாள். "இன்னிக்குப் பொழுது சாயுறப்ப ஒருதரம் என்னை உள்ளே விடணும், சாமி."

"கல்யாணம் நாளைக்குத்தானே?"

"நிச்சயதார்த்தம் இன்னிக்குங்க."

மாலையில் வந்தாள். மறுநாள் விரியப்போகும், நுனி மஞ்சளித்த மொட்டுகளைத் தேடிப் பிடித்தாள். ஆண் மொட்டு இரண்டு, பெண் மொட்டு ஒன்று. மூன்றின் வாயையும் வாழைநாரால் கட்டிவிட்டுப் போனாள்.

விடியும்போதே மந்திரி அரசரை எழுப்பி அழைத்துவந்துவிட்டார். அரசர் கொட்டாவி விட்டபடி பார்த்தார். செங்காயி கட்டிவைத்த ஆண் பூக்கள் இரண்டையும் பறித்து இதழ்களை உரித்தாள். பெண் பூவின் கட்டை அவிழ்த்து, உள்ளே மகரந்தத்தைத் தடவினாள். உடனே மறுபடி வாயைக் கட்டினாள். சுற்றிலும் விரிந்த பூக்களில் வண்டுகள் அப்போதுதான் வந்து இறங்கின.

"கட்டின பூவுக்குள்ள வண்டு போகாதுங்க. அதனால அப்பன் யாருன்னு எனக்கு மட்டும் தெரியும். காம்புல ஒரு நூல் கட்டிவச்சா மறக்காது."

அரசரின் தூக்கம் கலைந்தது.

விருதராயர் ஜோசியரைக் கேட்டு நண்பகல் முகூர்த்தம் குறித்திருந்தார். பட்டுடுத்தி, நாகசுரம் முன்னே முழங்க, சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். கொடியைப் பார்த்தார். ஒரு பூகூட விரிந்திருக்கவில்லை. எல்லாம் சுருங்கித் தொங்கின.

"இதென்ன, சதி! யார் மூடியது?"

"வெயில் மூடியது," என்றார் மந்திரி. "தினமும் மூடுகிறது. நீங்கள் இருபது வருடமாக நந்தவன அதிகாரி."

விடுவாரா ராயர்? வாடிய பூ ஒன்றை வெடுக்கென்று பறித்தார். "இதோ மாப்பிள்ளை!"

அடியில் கோலிக்குண்டு அளவு பிஞ்சு இருந்தது.

"ஐயா," என்றாள் செங்காயி மெதுவாக, "அது பொண்ணுங்க. ஆண் பூவுல பிஞ்சு இருக்காது."

நாகசுரக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டுச் சிரித்தார். அரசர் சிரிக்கவில்லை. "ராயரே, ஏழு தலைமுறை அப்பன் பெயர் சொன்னீர். ஆணெது பெண்ணெது என்று தெரியவில்லை. இன்றிலிருந்து ஒரு போகம் முழுக்க, வண்டு எழுவதற்கு முன்னால் நீர் எழவேண்டும். செங்காயி சொல்லும் பூவுக்கு வாய் கட்டவேண்டும். உம் வாய்க்கும் ஒரு கட்டு நல்லது."

பிறகு அவளிடம் திரும்பினார். "நிலம் உன்னுடையது. இன்னும் ஏதாவது வேண்டுமா?"

"நிலம் வேணுங்க, வேண்டாம்னு சொல்லமாட்டேன். ஆனா மாடாத்தி மூணு வருசமா ஒருநாள்கூட பூ இல்லேன்னு சொல்லலை. விடியுமுன்ன கதவைத் தட்டினாலும் திட்டிக்கிட்டே வந்து வேலியைத் திறப்பா. அவ கொடி இல்லேன்னா என் பூசணியில வெறும் தண்ணிதான். நாலுல ஒரு காணி அவ பேருக்கு எழுதணும்."

"உன் நான்கும் உனக்கே. அவளுக்கு ஐந்தாவது காணி."

செங்காயி கும்பிட்டாள். அப்படியே தரையில் உட்கார்ந்து மண்ணை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டாள்.

பட்டயம் எழுத எழுத்தர் வந்து, வழக்கம்போல் வாசித்துக்கொண்டே தொடங்கினார்: "மகாவேந்தரின் கொள்ளுப்பேரனும், வீரவேந்தரின் பேரனும், தீரவேந்தரின் மகனுமான..."

"நில்லும்," என்றார் அரசர். "என் தாய் பெயரையும் எழுதும். உமையாண்டாள்."

எழுத்தர் எழுத்தாணியை உயர்த்தினார். "அரசே, நம் பட்டயங்களில் அப்படி வழக்கமில்லையே."

"பூசணிக்கே இருக்கிறது. எழுதும்."

எழுதினார். முதல் வரியில் உமையாண்டாள், மூன்றாம் வரியில் செங்காயி, அதற்கு அடுத்த வரியில் மாடாத்தி.