நாலு வெயில்

மருதையனின் அண்ணன் பருத்திக்காட்டில் மருந்தடிக்கும்போதே செத்துப்போனார். அடித்த மருந்து நாலு வெயிலில் வீரியம் இழந்துவிடும். புழு திரும்ப வரும். அவரும் திரும்ப அடிப்பார். ஆறாவது முறை, முதுகில் சுமந்த தெளிப்பானோடு வரப்பில் சாய்ந்தார்.

அதற்குப் பிறகுதான் மருதையன், நாற்பத்தாறு வயதில், பேராசிரியர் ஜெபசீலியிடம் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார். அந்த அம்மாள் அவரைவிட ஏழு வயது இளையவர்.

ஐந்து வருஷம் உழைத்தார். கண்ணுக்கே தெரியாத பாலிமர் நுண்துகளுக்குள் மருந்தை அடைத்தார். வெயில் அதைத் தொட முடியவில்லை. நாலு நாள் வீரியம் இருபது நாளானது.

"இனி ஒரு தடவை அடிச்சாப் போதும், மேடம்."

சொல்லிவிட்டு அழுதார். ஜெபசீலி அழவிட்டுக் காத்திருந்தார். பிறகு சோதனை வயலுக்குக் கையெழுத்திட்டார்.

மருந்தடித்த ஒன்பதாம் நாள் அவரைக் கூப்பிட்டனுப்பினார். மேசைமேல் ஒரு பிடி பண்ணைக்கீரை வாடிக் கிடந்தது.

"எங்கே பறிச்சது, மேடம்?"

"உங்க வயல்ல. களையெடுக்கிற காசாம்பு நேத்து பறிச்சிருக்காங்க."

"ஐயோ, போர்டு வச்சிருக்கோமே!"

"அவங்களுக்குப் படிக்கத் தெரியாது. அடிச்சு எட்டு நாளாச்சே, நாலு வெயில் பட்டா மருந்து செத்துப்போவும்னு நினைச்சிருக்காங்க."

மருதையன் கீரையைக் கையில் எடுத்தார்.

"சமைச்சுட்டாங்களா?"

"இது மிச்சம். அவங்க பிள்ளை பெரியாஸ்பத்திரியில."

ஓடினார். ஐந்து வயசுப் பெண்பிள்ளை, மூக்கில் குழாயோடு கிடந்தது. காலடியில் உட்கார்ந்திருந்த காசாம்பு அவரைக் கண்டதும் எழுந்து நின்றாள். ஏசவில்லை.

"எங்க ஆத்தா காலத்துலேருந்து தப்பாத கணக்கு சார். இப்ப வெயிலுக்குத்தான் சூடு குறைஞ்சுபோச்சா?"

தான்தான் வெயிலைத் தடுத்தவன் என்று சொல்ல வாயெடுத்தார். வரவில்லை.

மூன்றாம் நாள் பிள்ளை கண் திறந்தது. அன்று சாயங்காலம் மருதையன் தன் குறிப்பேடுகளையெல்லாம் கட்டிக்கொண்டு ஜெபசீலி முன் வந்து நின்றார்.

"கொளுத்திடட்டுமா, மேடம்?"

"கொளுத்துனா, பழையபடி நாலு நாளைக்கொரு தடவை முதுகுல சுமப்பாங்க."

"அப்ப, இது எத்தனை நாள் நிக்கணும்? நாலா, இருபதா?"

ஜெபசீலி நிமிர்ந்து பார்த்தார்.

"என்னை ஏன் கேக்குறீங்க? சமைக்கிறவங்களைக் கேட்டுட்டு வாங்க."