மூடிய முகவரிகள்

கல்வராயன் மலையடிவாரத்தில் இருந்த அந்த மடத்துக்கு மூன்று வாசல்கள். ஒன்றுக்கும் கதவு கிடையாது. நாய் வரும், ஆடு வரும், ஊரில் சண்டை போட்டுக்கொண்டவர்கள் வருவார்கள். குரு தவமணி அம்மா யாரையும் ஏன் வந்தாய் என்று கேட்டதில்லை. மடத்தின் மின்னஞ்சலும் அதே மாதிரிதான் திறந்து கிடந்தது. ஒரு நாளைக்கு முந்நூறு கடிதம் வந்து விழும். பத்து தேறினால் அதிகம்.

அதைப் பார்க்கப் பார்க்கச் சிற்றம்பலத்துக்குக் கை பரபரத்தது.

அவர் மடத்தில் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. வயது அறுபத்து மூன்று. குருவைவிடப் பதினைந்து வயது மூத்த சீடர். முப்பது வருஷம் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவர். மனைவி காலமான பிறகு வீட்டைப் பூட்டிவிட்டு வந்தார். எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்ததாகச் சொல்லிக்கொள்வார். லேப்டாப்பை மட்டும் விடவில்லை.

"மடத்து மின்னஞ்சலுக்கு ஒரு வடிகட்டி போட்டுத் தரட்டுமாம்மா? என்னோட சொந்த டொமைன்ல பத்து வருஷமா ஓடுது. ஒரு குப்பை உள்ளே வராது" என்றார்.

அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். "எது குப்பைன்னு எப்படித் தெரியும், ஐயா?"

"அது சுலபம்மா. குப்பைக் கடிதம் தன்னைப் பத்தியே பேசும். படிக்கிறவங்க யாரு, எப்படி இருக்காங்கன்னு அதுக்கு அக்கறையே இருக்காது."

"நிறுத்தின கடிதம் எங்கே போகும்?"

"எங்கேயும் போகாது. வந்த இடத்துலயே அழிஞ்சிடும்."

"அனுப்பினவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியவே கூடாதும்மா. திருப்பி அனுப்பினா, இங்கே ஆள் இருக்குன்னு தெரிஞ்சுபோகும். இன்னும் நாலு அனுப்புவான்."

"அப்போ நீங்க படிச்சிட்டதா நினைச்சுப்பாங்க."

"ஆமாம்மா" என்றார் சிற்றம்பலம். குரலில் பெருமை வழிந்தது.

அம்மா கீரையை முறத்தில் தள்ளிவிட்டு எழுந்து போனார். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலை தியானம் முடிந்து எல்லோரும் எழுந்த பிறகும் சிற்றம்பலம் உட்கார்ந்தே இருந்தார். எட்டு மாதமாகக் கேட்கவேண்டும் கேட்கவேண்டும் என்று நினைத்துக் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று அவரிடம் இருந்தது.

"அம்மா, வீட்டை விட்டுட்டேன். உத்தியோகத்தை விட்டுட்டேன். செத்துப்போனவளைக்கூட விட்டுட்டேன்னுதான் நினைக்கிறேன். ஒண்ணு மட்டும் விடமாட்டேங்குது."

அம்மா அவர் எதிரில் உட்கார்ந்தார்.

"எனக்கு ஒரே தங்கச்சி. மங்கையர்க்கரசின்னு பேரு. பினாங்குல இருக்கா. எங்க அம்மா காரியத்தன்னிக்கு எங்களுக்குள்ள பெரிய பேச்சு ஆயிடுச்சு. போறப்போ சொன்னா, 'போன்ல நீங்க கத்தறீங்க, நான் அழறேன். இனிமே எழுதறேன், அண்ணா. நீங்களும் எழுதுங்க'ன்னு. கொஞ்ச நாள் எழுதினா. அப்புறம் நின்னுபோச்சு. மூணு வருஷமா ஒரு வரி இல்லை. கண்ணை மூடினா அவதான் வர்றா. கோபம் கோபமா வருது. இதை எப்படிம்மா விடறது?"

"நீங்க எழுதினீங்களா?"

"அவதானே எழுதறேன்னு சொன்னவ."

அம்மா, "அந்த வடிகட்டியை மடத்துக்குப் போடறதுக்கு முன்னாடி உங்களோடதை ஒரு தடவை பார்க்கணும். கொண்டுவாங்க" என்றார்.

தன் கேள்வியை அம்மா காதில் வாங்கவே இல்லையே என்று சிற்றம்பலத்துக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வந்தார். வேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் அந்த வருத்தம் மறந்துபோயிற்று.

டொமைன், அதாவது மின்னஞ்சல் முகவரியின் பின்பாதி, அவருடைய பெயரில் இருந்தது. அதற்கு முன்னால் எந்தச் சொல்லைப் போட்டு அனுப்பினாலும் கடிதம் அவரிடம்தான் வரும். அதனால் அவர் யாருக்கும் ஒரே முகவரியைக் கொடுப்பதில்லை. ஆளுக்கு ஒன்று. வங்கிக்கு 'வங்கி', செருப்புக் கடைக்கு 'செருப்பு'. செருப்பு முகவரிக்கு லாட்டரிக் கடிதம் வந்தால் செருப்புக் கடைக்காரன்தான் தன் முகவரியை ஊருக்குக் கொடுத்திருக்கிறான் என்று தெரிந்துவிடும்.

"கையும் களவுமா மாட்டிப்பான்" என்றார்.

"மாட்டினா?"

"ஒரு முகவரிக்கு மூணு குப்பை வந்தா அது தானா மூடிக்கும். நான் பார்க்கக்கூட வேண்டாம். பார்க்கறதும் இல்லை."

"மூடினதெல்லாம் எதுன்னு தெரியுமா?"

"பட்டியல் இருக்கு."

"படிங்க. யாருக்குக் கொடுத்ததுன்னும் சொல்லுங்க."

சிற்றம்பலம் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார். "செருப்பு. அது கமர்ஷியல் தெருக் கடை. பயணம், அது பஸ் டிக்கெட் வாங்கினது. கண்ணாடி, இதோ இந்தக் கண்ணாடிக் கடை. காப்பீடு. நூலகம்." நூலகம்கூடவா என்று சிரித்தார். "குளிர்பெட்டி. பல் டாக்டர்."

அடுத்த வரியில் நின்றுவிட்டார்.

முற்றத்தில் யாரோ தண்ணீர் இறைக்கும் சத்தம் கேட்டது.

"தங்கை" என்றார் சிற்றம்பலம்.

அந்த முகவரி மூடிய தேதியைத் தேடினார். அவருடைய அறுபதாவது பிறந்த நாளுக்கு நாலு நாள் கழித்து. அந்தப் பிறந்த நாளன்று மங்கை ஒரு வாழ்த்து அட்டை அனுப்பியிருந்தாள். ஏதோ ஒரு இலவச வாழ்த்து அட்டைத் தளத்திலிருந்து. மயில் ஒன்று தோகை விரித்து ஆடும், பாட்டு வரும். சின்னப் பிள்ளை மாதிரி என்று நினைத்துக்கொண்டார், பதில் அப்புறம் எழுதலாம் என்று விட்டுவிட்டார். அந்தத் தளத்துக்காரன் முகவரியை நாலு பேருக்குக் கொடுத்திருக்கிறான். உடல் இளைக்க மருந்து என்று ஒன்று, லாட்டரி என்று ஒன்று, வீட்டு மனை என்று ஒன்று. மூன்று ஆயிற்று. வாசல் சாத்திக்கொண்டது.

அண்ணனுக்கு வாழ்த்து அனுப்பியதுதான் அவள் செய்த குற்றம்.

"அவ எழுதியிருப்பாளா?" என்று கேட்டார். அம்மாவைக் கேட்டாரா, தன்னையே கேட்டுக்கொண்டாரா தெரியாது.

சிற்றம்பலம் எதையும் பதிவு வைக்காமல் விடுகிற ஆள் இல்லை. அழித்த கடிதங்களுக்கும் பதிவு இருந்தது. தேதி, அனுப்பியவர், கடிதத்தின் அளவு. கடிதம் மட்டும் இல்லை. மங்கையின் பெயரைப் போட்டுத் தேடினார். திரை முழுக்க அவள் பெயராக வந்து நின்றது. எண்ணினார். சரியில்லையோ என்று மறுபடி எண்ணினார்.

முப்பத்தொன்று.

முதலில் வந்தவை பெரிய கடிதங்கள். சிலவற்றில் படங்கள் இருந்திருக்க வேண்டும், அவ்வளவு கனம். போகப் போகச் சிறிதாகிக்கொண்டே வந்தன. கடைசிக் கடிதம் நாலைந்து வரிதான் இருந்திருக்கும். அது வந்தது எட்டு மாதத்துக்கு முன், அவர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்த மடத்துக்கு வந்த மறுவாரம். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

அவருக்கு அவமானமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. போனை எடுத்துப் பினாங்கு எண்ணை அழுத்தினார். மணி முழுக்க அடித்து நின்றது. மறுபடி அழுத்தினார். மூன்றாவது முறையும் யாரும் எடுக்கவில்லை.

"அந்த நாலைந்து வரியில என்னம்மா எழுதியிருப்பா?"

அம்மா அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு மடத்துக்கு வந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

மத்தியானம் சாப்பிடாமல் சிற்றம்பலம் ஒரு கடிதம் எழுதினார். ஒன்றரைப் பக்கம். டொமைன் என்றால் என்ன, ஆளுக்கொரு முகவரி எதற்கு, மூன்று குப்பை என்கிற விதி எப்படி வேலை செய்கிறது, வாழ்த்து அட்டைக்காரன் செய்த அயோக்கியத்தனம் எல்லாம் ஒன்று விடாமல் அதில் இருந்தது. வேண்டுமென்றே செய்யவில்லை என்று நாலு இடத்தில் இருந்தது. அனுப்புவதற்கு முன் அம்மாவிடம் காட்டினார்.

அம்மா நிதானமாக, கடைசி வரி வரைக்கும் படித்தார்.

"ஐயா, இந்தக் கடிதம் வந்தா உங்க வடிகட்டி உள்ளே விடுமா?"

சிற்றம்பலம் லேப்டாப்பை வாங்கிக்கொண்டு போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார். எழுதியதை முழுக்க அழித்தார். வெயில் இறங்கி நிழல் முற்றத்தைத் தாண்டும்வரை வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மூடியிருந்த 'தங்கை' முகவரியைத் திறந்துவிட்டு எழுதினார்.

'மங்கை, எப்படி இருக்கே? நீ எழுதினது எதையும் நான் படிக்கலை. அந்தக் கடிதங்கள் இப்போ என்கிட்ட இல்லை. என்னம்மா எழுதியிருந்தே? சொல்லு, கேட்கிறேன். அண்ணன்.'

அனுப்பினார். உடனே பதில் வந்துவிடும் என்பது போலத் திரையைப் பார்த்தார். விளக்கு வைக்கிற நேரம் ஆயிற்று. தவமணி அம்மா மாடத்தில் விளக்கை வைத்துவிட்டு அவர் பக்கமாக வந்தார்.

"போயிடுச்சான்னு தெரியலைம்மா. படிப்பாளான்னும் தெரியலை" என்றார் சிற்றம்பலம். "பதில் வரலைன்னா என்னம்மா பண்றது?"

"அவங்க முப்பத்தொரு தடவை எழுதினாங்க, ஐயா."