தேருக்குப் பத்தியம்

உவர்க்குளம் நாட்டில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் உப்புக்கு மட்டும் வந்ததில்லை. எந்தக் கிணற்றில் வாளியை விட்டாலும் தண்ணீரோடு உப்பும் இலவசமாக ஏறி வரும். அதைக் குடித்த தொண்டையால்தான் மக்கள் அரசரையும் வாழ்த்தினார்கள்.

அரசர் கோதண்டவர்மனுக்குக் கருப்பு மெருகு பூசிய புதுத் தேர் வந்த பிறகுதான் உப்பு ஒரு குற்றமானது. கழுவிக் காயவிட்டால், தேர் முழுக்க வெள்ளைத் திட்டுகள்.

"இது என்ன தேரா, தேமல் வந்த எருமையா?" என்று அரசர் கத்தினார்.

தேர்ப்படைத் தலைவர் மழவராயர் உடனே வழி சொன்னார். வைத்தியசாலையில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆவியைக் குளிரவைத்துத் தீநீர் வடிக்கும் வாலைப் பானைகள் இருக்கின்றன. உப்பு பானையிலேயே தங்கிவிடும். சொட்டுவது சுத்தமான தண்ணீர். அதில் கழுவினால் திட்டு விழாது.

யோசனை சரியானதுதான். மழவராயர் வாழ்நாளில் சொன்ன ஒரே சரியான யோசனை. அதனால் ஊரே அவதிப்பட வேண்டியிருந்தது. அன்றைக்கே பானைகள் எல்லாம் தேர்க்கொட்டிலுக்குப் போயின. வைத்தியசாலையில் ஓமத் தீநீர் நின்றது. வயிற்றுவலிக்கு மருந்தில்லாமல் ஊரில் குழந்தைகள் அழுதன.

அதில் ஒரு குழந்தை, அவையில் விகடம் பேசிப் பிழைக்கும் ஆபத்சகாயத்தின் மகள்.

"சபையில் அத்தனை பேரைச் சிரிக்க வைக்கிறீர்கள். பெற்ற பிள்ளையின் அழுகையை நிறுத்த முடியவில்லையே!" என்றாள் மனைவி பூங்கோதை. "போய்த் தேர் குளித்த தண்ணீரையாவது பிடித்து வாருங்கள்."

ஆபத்சகாயத்துக்குப் பெயரில் இருந்த தைரியம் உடம்பில் இல்லை. "அரசே, இது தவறு" என்று சொன்ன முந்தைய விகடக்காரர் இப்போது எல்லையில் ஆடு மேய்க்கிறார். யோசித்துக்கொண்டே நடந்தவர் வைத்தியசாலை வாசலில் நின்றார். அங்கே ஒரு கல். அதில் அரசரின் ஆணை: 'தீநீர் பெறுபவர் யாராயினும் பத்தியம் காக்க வேண்டும். பத்தியத்தைக் கெடுப்பவர் யாராயினும் சிறை.'

இரண்டு முறை படித்தார். பிறகு உள்ளே போய் வைத்தியர் அரவாண்டிப் பண்டிதரைக் கையோடு அழைத்து வந்தார்.

தேர் அரண்மனை முற்றத்தில் ஒரு திட்டும் இல்லாமல் மின்னியது. விருந்தாளியாக வரும் பக்கத்து நாட்டு அரசரை எதிர்கொள்ளக் கோதண்டவர்மன் தேரில் காலை வைத்தார்.

"ஐயோ அரசே, நோயாளியை மிதிக்கலாமா?" என்று ஓடிவந்தார் ஆபத்சகாயம்.

பின்னால் வந்த பண்டிதர் தேரின் அச்சில் மூன்று விரல் வைத்துக் கண்ணை மூடினார். "வாதம் தூக்கலாக இருக்கிறது" என்றார்.

"யாரய்யா நோயாளி?"

"தேர்தான் அரசே" என்றார் ஆபத்சகாயம். "குடம் குடமாகத் தீநீர் வாங்கியிருக்கிறது. ஊரில் ஒரு பிள்ளைக்கும் ஒரு சங்கு கிடைக்காத நேரத்தில் இதற்கு மட்டும் இவ்வளவு என்றால், எவ்வளவு கடுமையான நோய்!"

பண்டிதர் கண்ணைத் திறந்தார். "ஒரு மண்டலம் பத்தியம். வெயில் ஆகாது, காற்று ஆகாது. பாரம் சுமக்கக் கூடாது. குதிரை வாசனையே படக் கூடாது."

மழவராயர் குதித்தார். "தேருக்கு ஏது பத்தியம்? இது கேலி! நீங்கள் ஏறுங்கள் அரசே!"

"மெதுவாகப் பேசுங்கள் ஐயா" என்றார் ஆபத்சகாயம். "பத்தியத்தைக் கெடுப்பவர் யாராயினும் சிறை. கல்லில் இருப்பது அரசரின் வாக்கு. அரசரின் வாக்கா கேலி?"

மழவராயர் தேரை விட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

"அப்படியானால் நான் எதில் போவது?" என்றார் அரசர்.

"லாயத்தில் சாணி வண்டி இருக்கிறது அரசே. இதுவரை ஒரு சொட்டுத் தீநீர் கேட்டதில்லை. நல்ல திடகாத்திரம்."

அரசர் ஆபத்சகாயத்தையே பார்த்தார்.

"உம் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை?"

"மகளுக்கு அரசே. வயிற்றுவலி. ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான்."

அரசர் முதலில் மீசைக்குள் சிரித்தார். பிறகு கிரீடம் சாயும் அளவுக்குச் சிரித்தார். "பானைகளை இப்போதே வைத்தியசாலைக்கு அனுப்புங்கள். இவருக்குத் தீநீர்க் குப்பி ஒன்று கொடுங்கள். இதுவும் உமக்குத்தான்" என்று தோளில் இருந்த பட்டுச் சால்வையை ஆபத்சகாயத்தின் மேல் போட்டார். பண்டிதர் பக்கம் திரும்பினார். "இன்றைக்கே பத்தியம் முறிக்க வழி உண்டா?"

"ஒரு தலைமுழுக்குப் போதும் அரசே. கிணற்றுத் தண்ணீரிலேயே."

"திட்டு விழுமே!"

"ஈரம் தானாகக் காய்ந்தால்தான் உப்பு தங்கும் அரசே" என்றார் ஆபத்சகாயம். "தலைமுழுகிய நோயாளியை ஈரத்தோடு வெயிலில் நிறுத்துவார்களா? காயும் முன்பே துவட்டிவிட வேண்டும்."

"யார் துவட்டுவது?"

"இத்தனை நாள் அன்பாகக் குளிப்பாட்டியவர்தான்."

அரசர் கண்ணைக் காட்டினார். ஒரு காவலாள் மழவராயரின் கையில் துண்டைக் கொடுத்தான்.

தீநீர்க் குப்பியை மடியில் செருகிக்கொண்டு கிளம்பிய ஆபத்சகாயம், தேரின் அடியில் குனிந்திருந்த மழவராயரின் அருகே ஒரு நிமிடம் நின்றார்.

"சக்கரத்து இடுக்கையும் விட்டுவிடாதீர்கள் ஐயா. பிள்ளைகளுக்குக் காதுக்குப் பின்னால்தான் ஈரம் நிற்கும். சளி பிடித்துக்கொண்டால் மறுபடியும் தீநீர் கேட்கும்!"