கொம்பையா கட்டிய சுவர்

"சுவர் என்பது ஒரே பொருள் இல்லை" என்று இருவாச்சிப் பறவைகளின் கூட்டத்தில் ஒரு கிழ இருவாச்சி பேச ஆரம்பித்தது. மேற்கொண்டு அது என்ன சொன்னதென்று கொம்பையாவுக்கு நினைவில்லை. அந்த நேரத்தில் கொம்பையாவின் கண் எதிர்க்கிளையில் பழுத்திருந்த அத்திப்பழத்தின் மேல் இருந்தது.

கொம்பையா ஒரு மலைக்காட்டில் வாழ்ந்த ஆண் இருவாச்சி. பெரிய அலகு, அதைவிடப் பெரிய பேச்சு. அதன் துணை வடிவு. முட்டையிடும் காலம் வந்தால் வடிவு ஒரு மரப்பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பொந்தின் வாயைச் சுவர் வைத்து அடைத்துவிடுவார்கள். நடுவில் அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் இருக்கும். அதன் வழியாகத்தான் கொம்பையா பழம் ஊட்டும். உள்ளே வடிவு தன் இறகுகளை உதிர்த்துவிடும். குஞ்சு தேறும்வரை பறக்க முடியாது. அதுவரை அந்தச் சுவரும் அந்தக் கீறலும்தான் அதற்கு உயிர்.

சுவருக்குச் சேறு வேண்டும். அது மூக்காண்டி என்ற காட்டுப்பன்றியிடம் கிடைக்கும். மேல்பூச்சுக்கு அத்திப்பழக் கூழ். அதைச் சவ்வாது என்ற புனுகுப்பூனை செய்து கொடுக்கும். சேறு வெடிக்காமல் இருக்கவும், கூழ் மழையில் கரையாமல் இருக்கவும், இருவருமே கொசுத்தேனீக்களிடம் மெழுகு வாங்கிக் கொஞ்சம் கலப்பார்கள்.

"போன வருஷக் கூழ் நல்லாத்தானே நின்னுச்சு. அதையே கேட்டு வாங்கிட்டு வாங்க," என்றது வடிவு.

கொம்பையாவுக்கு அது கௌரவக் குறைச்சலாகப் பட்டது. காடே முன்னேறிக்கொண்டிருக்கும்போது நாம் மட்டும் பழசைப் பூசிக்கொண்டிருப்பதா? யாரிடம் போனாலும் அது கேட்பது ஒன்றுதான்: "எது புதுசோ அதைக் குடுங்க."

இப்படிக் கேட்பவர்களைச் சவ்வாதுக்கு ரொம்பப் பிடிக்கும். அன்று காலையில் கலக்கிய கூழை நீட்டி, இதுபோல் ஒன்று இந்தக் காட்டில் இதுவரை வந்ததே இல்லை என்றது. மூக்காண்டி வேறு ரகம். கோடையில் ஒரே மூச்சாகப் பிசைந்து வைத்த சேற்றைத்தான் வருஷம் முழுக்கக் கொடுக்கும். புதுசு பழசெல்லாம் தெரியாது, இருப்பது இதுதான், வேண்டுமென்றால் அள்ளிக்கொண்டு போ என்றது.

சுவர் எழும்பியது. பளபளவென்று இருந்தது. வழியில் போன அணில்கள்கூட நின்று பார்த்துவிட்டுப் போயின. வடிவு முட்டையிட்டது. குஞ்சும் பொரிந்தது.

பிறகு கோடை மழை வந்தது.

மறுநாள் கொம்பையா கொண்டுவந்த அத்திப்பழம் கீறலில் நுழையவில்லை. சின்னப் பழமாகப் பார்த்துக் கொண்டுவந்தது. மாலையில் அதுவும் நுழையவில்லை. சுவர் புளித்த மாவு போல உப்பிக்கொண்டே வந்தது. பிய்த்துப் போடலாமென்று குத்தியபோது அலகு அந்தப் பிசுபிசுப்பில் மாட்டிக்கொண்டது. பக்கத்துக் கிளைக் குரங்குகள், "என்ன கொம்பையா, மரத்தையே மூக்குத்தியாப் போட்டுக்கிட்டியா?" என்று கேட்டுச் சிரித்தன.

உள்ளேயிருந்து வடிவின் குரல் வந்தது. "ஏங்க, வெளிச்சம் குறையுது. குஞ்சு பசிக்குதுன்னு கத்துது."

சுவரை மொத்தமாக இடித்துவிடலாம். ஆனால் மரத்தடியில் ஓர் உடும்பு நாக்கை நீட்டியபடி மேலேயே பார்த்துக்கொண்டிருந்தது. இடித்தால் உடும்புக்கு விருந்து. விட்டால் உள்ளே பட்டினி.

கொம்பையா பறந்துபோய் மூக்காண்டியையும் சவ்வாதையும் அழைத்துவந்தது. வந்தவர்கள் வந்ததும் சண்டை போட்டார்கள். குற்றமெல்லாம் சேற்றில்தான் என்றது சவ்வாது.

"என்கிட்ட எதுவுமே மாறலை மாப்ளே," என்றது மூக்காண்டி. "மாறாதவன்கிட்ட குத்தம் எங்கேருந்து வரும்?"

சரி, பார்த்துவிடலாம் என்று ஓர் இலையில் சேற்றை வைத்து நனைத்தார்கள். கல் மாதிரி நின்றது. இன்னோர் இலையில் கூழை வைத்து நனைத்தார்கள். அதுவும் அசையவில்லை. மூக்காண்டி நெஞ்சை நிமிர்த்தியது. சவ்வாது மீசையை நீவிக்கொண்டது. இரண்டையும் ஒரே இலையில் வைத்து நனைத்தபோது, எல்லோர் கண்முன்னாலும் குபுகுபுவென்று பொங்கியது.

"மெழுகு யார்கிட்ட வாங்கினீங்க?" என்று உள்ளேயிருந்து கேட்டது வடிவு.

இருவரும் கொசுத்தேனீக்களிடம்தான் என்றார்கள். ஒரே கூடு, அதே தேனீக்கள்.

"அது சரி. எப்ப வாங்கினீங்க?"

மூக்காண்டி வாங்கியது போன கோடையில். சவ்வாது வாங்கியது இந்தச் சுவர் பூசிய வாரம்.

ஒரு கொசுத்தேனீயைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். மெழுகில் சேர்க்கப் பிசின் எடுத்துக்கொண்டிருந்த மருதமரம் காற்றில் சாய்ந்துவிட்டதாம். இப்போது குங்கிலிய மரத்திலிருந்து எடுக்கிறார்களாம்.

"இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்றது கொம்பையா.

"மெழுகு குடுன்னு கேட்டீங்க, குடுத்தோம்," என்றது தேனீ. "எந்த மெழுகுன்னு யாரு கேட்டீங்க?"

மட்டம் என்று பாறை இடுக்கில் தள்ளி வைத்த பழைய மெழுகுக் கூழ் ஓர் உருண்டை கிடக்கிறது என்று சவ்வாது முணுமுணுத்துவிட்டு ஓடிப்போய் எடுத்துவந்தது. மூக்காண்டி கீழே நின்று உடும்பைப் பார்த்து உறுமியது. உடும்பு தனக்கு வேறு வேலை இருப்பதுபோல் நடையைக் கட்டியது. கொம்பையா புதுப்பூச்சைச் சுரண்டிப் போட்டுவிட்டுப் பழைய கூழைப் பூசியது. இரவெல்லாம் மழை பெய்தது. காலையில் கீறல் அப்படியே இருந்தது. முதல் பழம் உள்ளே போனது. குஞ்சின் கத்தல் நின்று, சப்புக்கொட்டும் சத்தம் கேட்டது.

கொம்பையா ஒரே சந்தோஷத்தில் சபதம் செய்தது. இனி ஜென்மத்துக்கும் புதுசைத் தொடமாட்டேன், எல்லாமே பழசுதான்!

"பழைய மரம்தான் விழுந்துடுச்சே," என்றது வடிவு. "அடுத்த வருஷம் பழைய மெழுகுக்கு எங்கே போவீங்க? புதுசு மேலயும் தப்பில்லை, பழசு மேலயும் தப்பில்லை. தனித்தனியா நல்லதா இருக்கிறது சேர்ந்தாலும் நல்லதா இருக்கும்னு நம்பி என்னை உள்ளே வெச்சு மூடினீங்களே, அதுதான் தப்பு. சேர்த்துப் பார்த்துட்டு மூடுங்க. மூடினப்புறம் மாத்தாதீங்க."



அடுத்த பருவத்தில் வடிவு உள்ளே போவதற்கு முன்னால், வாங்கிய சேற்றையும் கூழையும் யாரும் இல்லாத ஒரு பொந்தில் பூசித் தண்ணீர் தெளித்துப் பார்ப்பது, நின்றால் குஞ்சு பறக்கும்வரை அந்தச் சேற்றையும் அந்தக் கூழையும் மட்டுமே பூசுவது என்று கொம்பையா அலகைச் சொறிந்துகொண்டே முடிவு செய்தது.