அவரைப் பந்தலில் ஒரு வெள்ளைக் கோலம்

அந்தக் காலத்தில் சிலந்திக்கும் வாய் இருந்தது. இருந்து என்ன பிரயோசனம், கேட்கிற ஆள் வேண்டாமா?

குஞ்சரம் என்பவள் கொல்லையில் அவரைப் பந்தல் போட்டிருந்தாள். அதன் ஓரத்தில் ஒரு தோட்டத்துச் சிலந்தி வலை கட்டியிருந்தது. அதன் வயிற்றில் முட்டை. வயிறாரத் தின்றால்தான் முட்டை தங்கும். குஞ்சரமோ காலையில் காய் பறிக்க வந்ததும், "இங்கேயும் ஒட்டடையா" என்று துடைப்பத்தால் ஒரே இழுப்பு. வலையும் போச்சு, மாட்டிய பூச்சியும் போச்சு.

"அம்மா, ஒட்டடை உங்க பரண்மேல இருக்கு. அது வேற சிலந்தி. நான் உங்க அவரைப்பூவைக் கடிக்கிற பூச்சியைப் பிடிக்கிறவ" என்றது சிலந்தி.

"சரி சரி, இனிமே பார்த்து வர்றேன்."

மறுநாளும் அதே துடைப்பம். "அட, நீயா? எல்லா வலையும் ஒண்ணு மாதிரியே இருந்தா நான் என்ன செய்ய?"

தினமும் இதே பாட்டு. சொல்லிச் சொல்லிச் சிலந்திக்கு வாய் வலித்தது, பட்டினியில் வயிறு ஒட்டியது.

ஒருநாள் அறுந்த இழையோடு காற்றில் பறந்து வாசல் கூரையில் போய் விழுந்தது. கீழே குஞ்சரம் கோலம் போட்டு முடித்திருந்தாள். அவள் புருஷன் தாண்டவன் அவசரமாக வெளியே வந்தான்.

"மிதிச்சீங்கன்னா இன்னைக்குச் சோறு கிடையாது" என்றாள். அவன் சுவரோடு ஒட்டிச் சுற்றிக்கொண்டு போனான்.

ஓகோ, இவர்களுக்கு ஒதுங்கிப் போகவும் தெரியுமா என்று சிலந்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முட்டையைப் பொதிந்து வைக்க அது கொஞ்சம் தடித்த வெள்ளை நூல் மிச்சம் பிடித்திருந்தது. விடியுமுன் பந்தலுக்குத் திரும்பி வலை கட்டி, அந்த நூலை எடுத்து நடுவில் குறுக்கும் மறுக்குமாக இழுத்தது. இதுவும் போனால் முட்டையும் இல்லை, ஒன்றும் இல்லை.

குஞ்சரம் வந்தாள். ஓங்கிய துடைப்பம் அப்படியே நின்றது.

"இதென்ன கோலம்? புள்ளியைக் காணோம், இழையெல்லாம் கோணல்."

"பசியில போட்டா கோணலாத்தான் வரும். நீங்க சுத்திப் போங்க."

அவள் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டுச் சுற்றிக்கொண்டு போனாள். சற்று நேரத்தில் ஒரு வெட்டுக்கிளி வந்து வலையில் விழுந்தது. சிலந்தி வயிறாரத் தின்றது. மறுபடி நூலும் ஊறியது, முட்டையும் பிழைத்தது.

அன்று முதல்தான் தோட்டத்துச் சிலந்தி வலை நடுவில் கோணல் கோலம் போட்டு, எட்டுக் காலையும் இரண்டிரண்டாகச் சேர்த்து அதன்மேலேயே உட்கார்ந்திருக்கிறது. அதைப் பார்த்த பிறகும் துடைப்பத்தை ஓங்குகிறவர்களிடம் என்னத்தைச் சொல்ல என்று பேச்சையே விட்டுவிட்டது.