பாறையில் முட்டிய பன்றி

காட்டுக் குளம் வற்றிப் போய்விட்டது. மான்களும் முயல்களும் வேறிடம் தேடிக் கிளம்பிவிட்டன. கட்டையன் என்ற காட்டுப்பன்றி மட்டும் குளத்தின் நடுவே ஊற்றுத் தோண்டிக்கொண்டிருந்தது. அதன் மனைவி செம்பியும் குட்டிகளும் கரையில் காத்திருந்தன.

தோண்டத் தோண்டப் புழுதிதான் வந்தது. கடைசியில் கட்டையனின் மூக்கு பாறையில் இடித்தது.

அப்போது ஒரு கௌதாரி பறந்து வந்து கரையில் இறங்கியது.

“மலைக்கு அந்தப் பக்கம் ஓடையில் தண்ணீர் ஓடுகிறது! இப்போதுதான் குடித்துவிட்டு வருகிறேன். வெயில் ஏறுவதற்குள் நடந்தால் போய்விடலாம்!”

“கேட்டீர்களா? வாருங்கள், போகலாம்!” என்றது செம்பி.

“எப்படி வருவது? எவ்வளவு ஆழம் தோண்டியிருக்கிறேன், பார்! விட்டுவிட்டு வந்தால் அத்தனை உழைப்பும் வீணாகிவிடாதா?” என்றது கட்டையன்.

“அது ஏற்கெனவே வீணாகிவிட்டது! கீழே இருப்பது பாறை!”

“பாறைக்குப் பக்கத்தில் தோண்டுகிறேன்.”

“அங்கேயும் பாறைதான்! ஓடையில் தண்ணீர் இருக்கிறது என்று கண்ணால் பார்த்தவர் வந்து சொல்கிறார். இது ஏன் உங்கள் மண்டையில் ஏறவில்லை?”

“நீங்கள் பேசி முடியுங்கள்” என்று கௌதாரி பறந்துவிட்டது.

கட்டையன் மறுபடி தோண்டத் தொடங்கியது. கடைக்குட்டி கால் மடங்கிப் படுத்தது. அதன் நாக்கு வெளியே தொங்கியது. செம்பிக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை.

“நீங்கள் தோண்டிக்கொண்டே இருங்கள்! என் பிள்ளைகளைச் சாகவிட மாட்டேன்!”

குட்டியை மூக்கால் தள்ளி எழுப்பி, எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு மலையைப் பார்த்து நடந்தது.

மான்களும் முயல்களும் ஏற்கெனவே வந்து சேர்ந்திருந்த அந்த ஓடையில் குட்டிகள் வயிறு முட்டக் குடித்தன. அவற்றை ஓடைக்கரையில் இருந்த கௌதாரியின் பொறுப்பில் விட்டுவிட்டு, சாயங்காலம் செம்பி மட்டும் திரும்பி வந்தது. கட்டையன் குழிக்குள் சுருண்டு கிடந்தது. ஏறி வரத் தெம்பில்லை. செம்பி முணுமுணுத்துக்கொண்டே மண்ணைச் சரித்து வழி செய்தது. பின்னாலிருந்து முட்டித் தள்ளி, எப்படியோ ஓடைவரை கொண்டுபோய்ச் சேர்த்தது.

குடித்து முடித்த கட்டையன் தலையைத் தொங்கப்போட்டது.

“மூக்கு பாறையில் இடித்தபோதே தண்ணீர் வராது என்று தெரியும். பாதியில் விட்டால் எல்லாரும் சிரிப்பார்களே என்றுதான்...”

“எல்லாருமா?” என்று கத்தியது செம்பி. “எல்லாரும் இங்கே தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறார்கள்! அங்கே உங்களைப் பார்த்துச் சிரிக்க யார் இருந்தார்கள்?”

கொட்டிய உழைப்பையும் பிறர் சிரிப்பையும் நினைத்துத் தவறான வழியிலேயே நிற்பவர், கையில் மிச்சம் இருப்பதையும் இழப்பார்.